தேங்காய் எண்ணெய் உறையும் நாள் முதல்: டெல்லித் தமிழ் வீட்டுக்கு ஒரு கூதிர்கால வழிகாட்டி

அக்டோபரில் ஒரு காலை, குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எதுவும் வராது. அடியில் வெள்ளையாகக் கட்டி தட்டிப்போய்க் கிடக்கும். எங்கள் வீட்டில் ஏசிக்கு உறை போடுவதும், ஃபேனை ஒன்றில் வைப்பதும், ரஜாய் எனும் பஞ்சுப் போர்வையைப் பரணிலிருந்து இறக்கலாமா என்ற பேச்சு தொடங்குவதும் அன்றைக்குத்தான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். அதனால் வானிலை அறிக்கையைவிட இந்த பாட்டிலை நான் அதிகம் நம்புகிறேன்.

இலையுதிர்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். டெல்லியில் அந்தப் பெயர் பொருந்தாது. இங்கே வேம்பும் அரசும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அக்டோபரில் உதிர்வது பவளமல்லிப் பூ. நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மாயவரத்தில் அது கால் வைக்க இடமில்லாத அடைமழைக் காலம். டெல்லியில் அதே இரண்டு மாதமும் மழை ஏறக்குறைய இல்லை. துவைத்துப் போட்டது மதியத்துக்குள் காய்ந்துவிடும், வெயில் சுடாது, தொடக்கத்தில் இரவில் மெல்லிய போர்வை போதும்.

ஆனால் இந்த நாட்கள் மிகக் குறைவு. பருவமழை செப்டம்பர் கடைசியில் விலகுகிறது. தீபாவளியை ஒட்டிப் புகை இறங்கிவிடுகிறது. நடுவில் ஐந்தாறு வாரம்தான் ஜன்னலைத் திறந்துவைத்து வாழலாம். இருபத்திரண்டு வருடம் இங்கே குடித்தனம் நடத்தி நான் கற்றுக்கொண்டது, எந்த வேலையை எப்போது செய்தால் இந்த வாரங்கள் கை நழுவாமல் இருக்கும் என்பதுதான். காலண்டர் பார்த்துச் செய்வதில்லை. வீட்டிலும் தெருவிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடையாளம் வரும், அதைப் பார்த்துச் செய்வேன்.

பவளமல்லி விழுந்தால் விதை போடுங்கள்

இங்கே அதற்கு ஹர்சிங்கார் என்று பெயர். சித்தரஞ்சன் பார்க் பக்கத்து வங்காளிகள் ஷிஉலி என்பார்கள். இரவில் பூத்து விடியலில் தானாகவே உதிரும் பூ, பறிக்க வேண்டியதில்லை. முந்தின இரவே மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டால் காலையில் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினால் போதும். பிள்ளைகளை ஆறு மணிக்கு எழுப்ப இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

பூ விழ ஆரம்பித்த வாரமே வெந்தயமும் கொத்தமல்லியும் விதைத்துவிடுங்கள். விதை வாங்கக் கடைக்குப் போக வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருப்பது முளைக்கும். வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து, பழைய பெயிண்ட் வாளியிலோ தெர்மோகோல் பெட்டியிலோ நெருக்கமாகத் தூவி, விரல் நகம் உயரத்துக்கு மண் போட்டால் நான்கைந்து நாளில் தலை காட்டும். இருபத்தைந்து நாளில் சாம்பாருக்குக் கீரை. வாளியின் அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். நான் ஒரு வருடம் மறந்து, கொசுவுக்குக் குளம் வெட்டிக் கொடுத்தேன்.

கொத்தமல்லியை அப்படியே போட்டால் ஏமாற்றும். ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் குழவியை மேலே லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்துத் தூவுங்கள். முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். ஒரு வாரம் கழித்து ஒன்றும் வரவில்லையே என்று மண்ணைக் கிளறும் கையைத்தான் கட்டிப்போட வேண்டும்.

கறிவேப்பிலை வேறு கதை. தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கும் டெல்லித் தமிழர் எல்லோரும் முதல் குளிர்காலத்தில் செடி செத்துவிட்டது என்று ஒரு முறையாவது அழுதிருப்பார்கள். அது சாகவில்லை, தூங்குகிறது. நவம்பர் கடைசியில் இலை மஞ்சளாகி உதிரும். தண்ணீரைக் குறைத்து, உரம் எதுவும் போடாமல், தெற்கு பார்த்த பால்கனிச் சுவரோரம் தள்ளி வையுங்கள். மார்ச்சில் நுனியை வெட்டினால் துளிர்க்கும். அதற்கு முன், அக்டோபர் நடுவிலேயே முற்றின இலைகளை உருவி நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் பொடி செய்துவிடுங்கள். அழுத்தி அளந்த இரண்டு கப் காய்ந்த இலைக்குக் கால் கப் உளுந்து, கால் கப் கடலைப்பருப்பு, எட்டு வரமிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு. பருப்புகளைத் தனித்தனியே சிவக்க வறுப்பது மட்டும்தான் இதில் பொறுமை கேட்கும் வேலை. குளிர் முழுக்கச் சுடுசாதத்துக்கு ஆகும்.

நவராத்திரி: இரண்டு வகைக் கடலை

கொலு வைக்கும் விதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெல்லியில் மட்டும் கிடைக்கும் ஒரு சந்தோஷத்தைச் சொல்கிறேன். அஷ்டமியோ நவமியோ காலையில் பஞ்சாபி வீடுகளில் கஞ்சக் வைப்பார்கள். சின்னப் பெண் குழந்தைகளை அழைத்து, காலைக் கழுவி, பூரியும் அல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் கொடுத்து, கையில் காசும் வைத்து அனுப்புவார்கள். என் பெண் ஏழு வயதில் ஒரே காலையில் ஐந்து வீடு ஏறி இறங்கிவிட்டு, மதியம் பாட்டி போட்ட சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நம் முறை. அவர்கள் வீட்டுக் கடலை சீரகம், ஆம்சூர் எனும் மாங்காய்ப்பொடி போட்டு வறண்டு இருக்கும். நாமும் அதே கடலையில்தான் கடுகு, தேங்காய், மாங்காய்த் துருவலோடு சுண்டல் செய்கிறோம். பத்து மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஒரு விசில் வந்ததும் அடுப்பைத் தணித்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் பதமாக இருக்கும். தாளிக்கும்போது தேங்காயை அடுப்பை அணைத்த பிறகே போடுங்கள். தேங்காய் வாங்கும்போது காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்காத காய் உள்ளே கொப்பரையாகிக்கொண்டிருக்கிறது.

ரஜாய்க்கு வெயில்

எண்ணெய் உறைந்த வாரத்தின் முதல் ஞாயிறு இதற்கு. காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் விரியுங்கள், ஒரு மணிக்குப் புரட்டுங்கள், மூன்று மணிக்கு எடுங்கள். நடுவே பிரம்பால் நாலு தட்டு. எடுத்தவுடன் மடிக்கக் கூடாது. சூட்டோடு மடித்தால் உள்ளே வேர்த்துப் பழைய வாடை திரும்பி வரும். ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். இதையே இரண்டு நாள் செய்தால் பெட்டிக்குள் கிடந்த நாற்றம் முழுக்கப் போய்விடும்.

பஞ்சு கட்டி தட்டியிருந்தால் வெயில் உதவாது, பஞ்சு கொட்டுபவரைத்தான் பிடிக்க வேண்டும். சைக்கிளில் பெரிய வில்லைச் சுமந்துகொண்டு தெருவில் வருவார். நாண் அதிரும் அந்த டொய்ங் சத்தம் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. கூப்பிட்டால் பிரிப்பதற்கு முன்பே பஞ்சை எடை போட்டுவிடுங்கள், மறுபடி தைத்த பிறகும் போடுங்கள். அவரே இதைச் சொல்வார், நல்ல தொழிலாளி என்பதற்கு அது அடையாளம்.

ஸ்வெட்டர் பெட்டியைத் திறக்கும் நாளில் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். கையை நீட்டச் சொல்லிப் போன வருட ஸ்வெட்டர் மணிக்கட்டுக்கு எத்தனை விரல் மேலே நிற்கிறது என்று அளப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன வருடம் பையனுக்கு நான்கு விரல். சிறுத்தவை அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகும். அங்கிருந்து எங்களுக்கு வந்தவையும் உண்டு. அந்துருண்டை வாடை பிடிக்காதவர்கள், மார்ச்சில் திரும்ப அடுக்கும்போது காய்ந்த வேப்பிலையை மல் துணியில் முடிந்து போட்டுப் பாருங்கள்.

மாவு பொங்காத காலை

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இதுதான். அக்டோபர் கடைசியில் எனக்கு வரும் தொலைபேசிகளில் பாதி, புதிதாக டெல்லி வந்த பெண்களிடமிருந்து: “அக்கா, மாவு அப்படியே இருக்கு.”

மே மாதம் ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிந்து ஓடிய அதே மாவுதான். அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள், முக்கியமாக லியூகோனோஸ்டாக் என்ற வகை, பெரும்பாலும் உளுந்தோடேயே வருகின்றன. அவற்றுக்கு 28 முதல் 30 டிகிரி சுகம். அடுக்களை 20 டிகிரிக்கு இறங்கினால் சோம்பிவிடும். ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு: அவற்றைக் கழுவி ஊற்றாமல் இருப்பது, கதகதப்பு கொடுப்பது.

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். குளிர் ஏற ஏற, அரைக்கும்போது அரை கப் ஊறிய அவலும் சேர்க்கிறேன். புழுங்கலரிசி ஆர்.கே.புரம், முனிர்கா, கரோல் பாக் கடைகளில் கிடைக்கும். தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டால் பாசுமதி உடைசலை எடுத்துக் காட்டுவார், வேண்டாம். உளுந்தை இரண்டு முறைக்கு மேல் கழுவாதீர்கள். ஊறிய தண்ணீரையே அரைக்கவும் விடுங்கள். அரைத்த மாவைக் கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்பது என் மாமியாரின் உறுதியான கட்சி. உளுந்தே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது நான் படித்தது. இருந்தாலும் கையால்தான் கரைக்கிறேன், அவர் பக்கத்தில் நிற்கும்போது கரண்டியை எடுக்கத் துணிவில்லை. உப்பைக் குளிர்காலத்தில் மட்டும் புளித்த பிறகு போடுகிறேன், உப்பு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

இனி கதகதப்பு. பெரிய குக்கரின் அடியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள், இரண்டு விரல் உயரம் போதும். மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி மூடி, வெயிட் போடாமல், முழுக் குக்கரையும் பழைய சால்வையில் சுற்றி அடுக்களை மூலையில் வையுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு தடவை வெந்நீரை மாற்றினால் காலையில் பலன் தெரியும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. பொங்காது என்று நம்பி நிரப்பி வைத்த ஓர் இரவில் பொங்கி, என் நல்ல சால்வை ஒன்று இட்லி மாவில் குளித்தது.

மணி பார்க்காதீர்கள். அக்டோபர் நடுவில் ஒன்பது பத்து மணி நேரம், நவம்பர் கடைசியில் பதினான்கு, டிசம்பரில் பதினெட்டு கூட ஆகும். ஓரமாகக் கரண்டியை விட்டால் உள்ளே நுரை வலைபோலத் தெரிய வேண்டும், இளம் புளிப்பு வாசனை வர வேண்டும். அதையும் மீறி ஏமாற்றிவிட்டால் அன்று இட்லித் தட்டை எடுக்க வேண்டாம். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிக் கொட்டிக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள். மாவு புளிக்கவில்லை என்ற விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கட்டுச்சோற்று ஞாயிறு

புகை வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடுங்கள். லோதி தோட்டத்துக்கு டிக்கெட் இல்லை, சுந்தர் நர்சரிக்கு உண்டு, இரண்டிலும் புல்வெளி தாராளம். முந்தின இரவே புளிக்காய்ச்சல். காலையில் சாதம் வடித்து, தாம்பாளத்தில் ஆறவிட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிளறுங்கள். தயிர்சாதத்தில் பாலைக் கூட்டித் தயிரைக் குறைத்தால் மதியம் வரை புளிக்காது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எத்தனை கொண்டுபோனாலும் போதாது, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் எட்டிப் பார்க்கும். அக்டோபரில் சாயங்காலம் திரும்பும்போது ஏழிலைப்பாலைப் பூவின் கனத்த வாசனை சாலையெல்லாம் நிற்கும். எனக்குப் பிடிக்கும். இவருக்குத் தலைவலி, ஆட்டோவில் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்.

தீபாவளிச் சந்தையில் கார்த்திகைக்கு வாங்குங்கள்

லேகியச் சாமான் பழைய டெல்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் ஒரே நடையில் முடிந்துவிடும். சுக்கைச் சோண்ட் என்றும், திப்பிலியைப் பிப்லி என்றும், ஓமத்தை அஜ்வாய்ன் என்றும் கேளுங்கள். பட்சணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை இருக்கிறது, அதில் நான் தலையிடவில்லை.

இதை மட்டும் மறக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் டெல்லித் தெருவெல்லாம் கீல் என்று குவித்து விற்பார்கள், லட்சுமி பூஜைக்குப் பதாஷா எனும் சர்க்கரை வில்லையோடு வைப்பதற்கு. அது வேறொன்றுமில்லை, நம் நெல்பொரி. கார்த்திகை தீபத்துக்கு நாம் தேடித் தவிக்கும் அதே பொரி. தீபாவளி முடிந்த மறுநாள் கடைகளில் அது மாயமாகிவிடும், முர்முரா எனும் அரிசிப்பொரிதான் மிஞ்சும். முதல் இரண்டு வருடம் இது தெரியாமல் கார்த்திகைக்கு அரிசிப்பொரியை உருட்டிச் சமாளித்தேன். இப்போது தீபாவளிக்கே அரைக்கிலோ வாங்கி, உமியைப் பொறுக்கிப் புடைத்து, காற்றுப் புகாத டின்னில் அடைத்துவிடுகிறேன். கார்த்திகை தீபம் சில வருடம் இரண்டு வாரத்தில் வந்துவிடும், சில வருடம் ஆறு வாரம் ஆகும். இரண்டையும் பொரி தாங்கும். அகல் விளக்கும் அப்படித்தான், இரண்டு பண்டிகைக்கும் சேர்த்து ஒரே தடவை வாங்குங்கள். மேற்கு டெல்லியில் இருப்பவர்கள் உத்தம் நகர் குயவர் குடியிருப்புக்கே போகலாம், சக்கரம் சுற்றுவதைப் பிள்ளைகள் பார்த்த மாதிரியும் ஆகும்.

புகை நாட்கள்

அக்கம்பக்க மாநிலங்களில் வயலில் வைக்கோலை எரிக்கிறார்கள், காற்று அடங்கிவிடுகிறது, குளிர்ந்த காற்று தரையோடு புகையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஊர் வண்டிகளின் புகையும் அதோடு சேரும். எங்கள் வீட்டுச் சட்டம் எளிது. காற்றுத் தர எண் 200க்குள் இருந்தால் எல்லா ஜன்னலும் திறக்கலாம், 200க்கும் 300க்கும் நடுவில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மட்டும், 300க்கு மேல் கிடையாது. விடியற்கால நடையை நிறுத்திவிடுங்கள், அந்த நேரத்துக் காற்று பெரும்பாலும் மோசம். விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணி. ஊதுவத்தியும் சாம்பிராணியும் மூடிய வீட்டுக்குள் ஏற்றாதீர்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பல்லாங்குழியைக் கீழே இறக்குங்கள். புளியங்கொட்டை இல்லாவிட்டால் ராஜ்மா போதும்.

நெல்லிக்காயும் மண்ணுக்குள் விளைந்ததும்

நவம்பரில் காய்கறி வண்டியின் நிறமே மாறும். வெள்ளை முள்ளங்கி இலையோடு வரும். இலையை வெட்டிப் போட வண்டிக்காரர் கத்தியை எடுப்பார், தடுத்து வாங்குங்கள். பாசிப்பருப்போடு அது நல்ல கூட்டு. சிங்காடா எனும் நீர்க்காயைத் தோலோடு பதினைந்து இருபது நிமிடம் வேகவைத்து உரித்து உப்பு தொட்டுச் சாப்பிடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை இங்கே கரியில் சுட்டு, எலுமிச்சையும் நட்சத்திரப் பழமும் போட்டுக் காரமாக விற்பார்கள். வீட்டில் இரும்புத் தோசைக்கல்லில் தோலோடு பரப்பி மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் புரட்டிப் புரட்டி வைத்தால் தோல் சுருங்கி, ஓரம் பாகு கசியும். பாதிக்கு எலுமிச்சை, பாதிக்கு வெல்லமும் தேங்காயும். எங்கள் வீட்டில் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு.

பெரிய நெல்லிக்காய் இப்போதுதான் மலிவு. அரைக்கிலோ காயைக் கழுவித் துடைத்து ஈரம் போக ஒரு மணி நேரம் விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 75 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறவையுங்கள். சூடு மிச்சமிருந்தால் காய் குழைந்துவிடும். கண்ணாடி ஜாடியில் காய், கீறிய நாலு பச்சை மிளகாய், மேலே உப்புத் தண்ணீர். காய் மிதக்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து அழுத்துங்கள். மூன்று நாள் ஜன்னல் வெயில், பிறகு ஃபிரிட்ஜ். ஒரு வாரத்தில் தயிர்சாதத்துக்குத் தயார். ஈரக் கரண்டி போட்டவர் யார் என்ற விசாரணை எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கும், குற்றவாளி இதுவரை அகப்படவில்லை.

கடைசி வேலை: பொரி உருண்டை

டின்னைத் திறங்கள். பொரி நமுத்திருந்தால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். நான்கு கப் பொரிக்கு ஒரு கப் பொடித்த வெல்லம். நவம்பரில் மேற்கு உத்தரப் பிரதேசத்துப் புது வெல்லம் வந்துவிடும், முசாஃபர்நகர்க் குட் என்று கேளுங்கள். வெளுத்ததை விட்டுவிட்டுக் கருத்த நிறமாக எடுங்கள். புது வெல்லத்தில் ஈரம் அதிகம், அதனால் பாகு நின்று வரும்.

கால் கப் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டை மறுநாள் உதிர்ந்து பொரியாகவே கிடக்கும். ஒரு நிமிடம் தாமதித்தால் கசக்கும். சுக்கு, ஏலக்காய், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் போட்டுப் பாகைப் பொரியில் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். ஒருவரால் ஆகாத வேலை இது. இரண்டு பேர் உருட்ட, ஒருவர் வாணலியை லேசான சூட்டில் காக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு இவருடையது.

சாயங்காலம் பால்கனியில் அகல் ஏற்றினால் எதிர்வீட்டு ஆன்ட்டி, தீபாவளி முடிந்து எத்தனை நாளாச்சு என்று கேட்பார். கேட்பவர் கையில் இரண்டு உருண்டை கொடுத்துவிடுங்கள். அகலுக்கு நல்லெண்ணெய்தான் ஊற்ற வேண்டும், அது இந்தக் குளிரிலும் ஓடும். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் திரியைச் சுற்றி உறைந்து நிற்கும். அந்த பாட்டிலுக்கு இனி பங்குனி வரை வெந்நீர்ச் சொம்புக்குள்தான் குடித்தனம்.